பெயர் வேண்டும், வேலி வேண்டாம்

மும்பையிலிருந்து வார இறுதியில் லோனாவ்லாவுக்குப் புறப்படும் அலுவலகக் கூட்டங்களில் செம்பூர், மாதுங்கா இளைஞர்களும் உண்டு. அங்கே முகமூடி மாட்டிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாயக் குண்டு அடித்து விளையாடுகிறார்கள். பெயிண்ட்பால் என்று பெயர். மேனேஜரைச் சுட்டாலும் மறுநாள் வேலை போகாது என்பது இதன் தனிக் கவர்ச்சி.

இதற்கான துப்பாக்கி விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தூரத்திலிருந்தே குறி இட அமெரிக்காவில் பயன்பட்டது. குண்டுகளைச் செய்து கொடுத்தது, மருந்துகளுக்கு ஜெலட்டின் உறை செய்யும் ஆர்.பி. ஷெரர் நிறுவனம். 1981 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயர் காடு ஒன்றில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை; ஒளிந்து ஒளிந்து போய்க் கொடிகளை எடுத்து வந்துவிட்டார்.

தொழில் வளர்ந்த வேகத்தில் சண்டையும் வளர்ந்தது. 1990களின் நடுவில் மின்னணு விசை கொண்ட துப்பாக்கிகள் வந்தன. பென்சில்வேனியாவின் ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனம் காப்புரிமை வாங்கி, போட்டியாளர்கள் மீது வரிசையாக வழக்குத் தொடுத்தது. பலர் உரிமத் தொகை கட்டிச் சமாதானமானார்கள். வேலி பலமாகத்தான் இருந்தது. ஆட வருகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். 2008 பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, 2010ல் ஸ்மார்ட் பார்ட்ஸே மூடப்பட்டது. 2015ல் கீ ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸுடன் இணைந்து பெரிதான ஜி.ஐ. ஸ்போர்ட்ஸ், 2020ல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது.

தாராவியின் தோல் தொழிலில் நிலைமை நேர் எதிர். சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாகக் கடைகள். ஒரு கடைக் கண்ணாடிக்குள் வைத்த புது மாடல் பை, பக்கத்துக் கடைக்கு வர அதிக நாள் ஆகாது. யாரும் வக்கீலைத் தேடுவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிட்ட இடம் இது. 1971ல் இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து, செம்பூரை அடுத்த தேவ்னாருக்குப் போனது. நாளடைவில் பதனிடுவதும் நின்றது. ஆனால் தொழில் நிற்கவில்லை. சென்னை, கொல்கத்தா, கான்பூரிலிருந்து தோல் வருகிறது. தாராவிக்காரர் வெட்டித் தைக்கிறார். வேலி இல்லாததால்தான் நேற்று வேலை கற்ற பையன்கூட நாளை பட்டறை போட முடிகிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல பை தாராவியை விட்டுப் போகும்போது அதில் இன்னொரு கம்பெனியின் பெயர் ஏறுகிறது. தைத்தவருக்குக் கூலி, பெயர் போட்டவருக்கு லாபம். மாதுங்காவைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1939ல் தொடங்கிய ராம் ஆஷ்ரயாவும் 1940ல் தொடங்கிய கஃபே மெட்ராஸும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் இட்லிதான், தோசைதான். காப்புரிமை யாரிடமும் இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது. அதற்காகவே ஜனங்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள்.

ஒரு பெயரைப் பலர் சேர்ந்தும் வைத்துக்கொள்ளலாம். கோலாப்பூர் செருப்புக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் மிலன் நகரில் பிராடா நிறுவனம் அதே ஜாடையில் செருப்பைக் காட்டியபோது கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. இங்கே எதிர்ப்பு கிளம்பியதும், இந்தியக் கைவினைதான் அதன் மூலம் என்று ஒப்புக்கொண்டது. தட்டிக் கேட்க ஒரு பெயர் இருந்தது.

தாராவிச் சீரமைப்புக்கான டெண்டரை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. பட்டறைகள் எங்கே போகும் என்பதுதான் இப்போது எல்லோர் கவலையும். நியாயமான கவலை. ஆனால் இடத்தை மற்றவர்கள் தீர்மானிக்கலாம். பெயரைத் தீர்மானிப்பது பட்டறைக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. ‘தாராவி’யையே முத்திரையாக்கும் முயற்சிகள் நடந்ததுண்டு. அது எல்லாப் பட்டறைக்கும் பொதுவாக வேண்டும். பக்கத்துக் கடையோடு போட்டி தாராளமாகத் தொடரட்டும்.