வாசித்த கைகளுக்குப் பெயர் இல்லையா?

விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுத் தொகுப்புகள் மறுபடியும் மறுபடியும் வந்துகொண்டே இருக்கின்றன. முதலில் இசைத்தட்டாக வந்தன. பிறகு கேசட்டாக வந்தன. அப்புறம் குறுந்தகடாக வந்தன. 2017க்குப் பிறகு ஐயாயிரம் பாட்டை உள்ளே அடைத்த ரேடியோப் பெட்டி கடைக்கு வந்தது. இப்போது எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. உருவம் மாறுகிறது, சரக்கு அதேதான். 1952ல் “பணம்” படத்தில் தொடங்கி 1965ல் “ஆயிரத்தில் ஒருவன்” வரையில் இந்த இருவர் கூட்டு பதின்மூன்று ஆண்டுகளில் உண்டாக்கிக் கொடுத்த செல்வம் அது. “பாவ மன்னிப்பு”, “பாசமலர்”, “பாலும் பழமும்” ஆகிய மூன்றும் 1961 என்ற ஒரே ஆண்டில் வந்தவை என்றால் அந்த உழைப்பின் வேகம் எப்படிப்பட்டது என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொகுப்புகளைக் குறைகூற நாம் வரவில்லை. முத்தியால்பேட்டையில் தறிச் சத்தம் தெருத்தெருவாகக் கேட்ட காலத்தில், அந்தச் சத்தத்தையும் மீறி வீடுகளுக்குள் நுழைந்தவை இந்தப் பாட்டுகள். இலங்கை வானொலி வழியாகவும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வழியாகவும், டீக்கடை ரேடியோ வழியாகவும் அவை உழைப்பாளி மக்களிடம் வந்து சேர்ந்தன. பகலெல்லாம் நாடா தள்ளியவனுக்கு மாலையில் கிடைத்த ஆறுதல் அது. அதைப் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான்.

ஆனால், தொகுப்பின் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடிகர் படம் பெரிதாக இருக்கும். பாடகர் பெயர் இருக்கும். பாடலாசிரியர் பெயர் சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இராது. இசையமைப்பாளர் பெயர் இருக்கும். அதையும் இன்று பலர் “எம்.எஸ்.வி. பாட்டு” என்று ஒரே பெயராகச் சுருக்கிவிட்டார்கள். வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆர்மோனியத்தின் பக்கத்தில் பதின்மூன்று ஆண்டு நின்ற ராமமூர்த்தி எங்கே போனார்? அவரையும் தாண்டி, அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்த ஐம்பது அறுபது பேர் எங்கே போனார்கள்?

இதுதான் நமது கேள்வி.

இருவர் வந்த வழி

திருச்சியில் 1922ல் பிறந்தவர் ராமமூர்த்தி. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928ல் பிறந்தவர் விஸ்வநாதன். இருவரும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் வாத்தியக்காரர்களாக இருந்தவர்கள். சுப்பராமன் 1952ல் இளம் வயதிலேயே காலமானபோது, அவர் பாதியில் விட்டுப்போன படங்களின் வேலையை இவர்கள்தான் முடித்துக் கொடுத்தார்கள். “தேவதாஸ்” அவற்றில் ஒன்று. என்.எஸ். கிருஷ்ணனின் “பணம்” படத்தில்தான் இருவர் பெயரும் ஒன்றாக வந்தது. 1963ல் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் “மெல்லிசை மன்னர்கள்” என்ற பட்டத்தைச் சிவாஜி கணேசன் வழங்கினார்.

1965க்குப் பிறகு இருவரும் பிரிந்தார்கள். விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்குத் தனியாகக் கிடைத்தவை ஏறத்தாழ இருபது படங்களே. முப்பதாண்டு கழித்து, 1995ல் “எங்கிருந்தோ வந்தான்” படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். ராமமூர்த்தி 2013லும் விஸ்வநாதன் 2015லும் மறைந்தார்கள். நாடு முழுதும் கொண்டாட வேண்டிய இந்த இருவருக்கும் மத்திய சர்க்காரின் பத்ம விருது ஒன்றுகூட வரவில்லை. மேலே இருந்த இருவர் கதியே இது என்றால், கீழே இருந்தவர்கள் கதியைச் சொல்லவும் வேண்டுமா?

லிவர்பூலில் நால்வர், சென்னையில் யார்?

1964ம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுதான் லிவர்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் என்ற நான்கு வாலிபர்கள் அமெரிக்காவில் கால் வைத்து உலகத்தையே கலக்கினார்கள். அதே ஆண்டு சென்னையில் “காதலிக்க நேரமில்லை” வெளிவந்தது. கிடாரும் ட்ரம்ஸும் துள்ளும் மேனாட்டுத் தாளம் அதில் தமிழ் பேசியது. அதே ஆண்டு “புதிய பறவை” வந்தது. அக்கார்டியனும் சாக்ஸபோனும் வயலின் வரிசையும் அதில் கடல் போலப் பொங்கின. அதே ஆண்டு “கர்ணன்” வந்தது. ஷெனாயும் சாரங்கியும் ஒலித்தன. ஒரே ஆண்டில் மூன்று உலகங்கள்!

பீட்டில்ஸ் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர் யார் என்று கேட்டால் உலகத்தில் எந்த மூலையிலும் பதில் கிடைக்கும். “காதலிக்க நேரமில்லை” கூடத்தில் வாசித்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. மெல்லிசை மன்னர்கள் குழுவில் ட்ரம்ஸுக்கு நோயல் கிராண்ட், கிடாருக்கு பிலிப்ஸ், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, புல்லாங்குழலுக்கு நஞ்சப்பா என்று விஷயம் தெரிந்தவர்கள் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லித்தான் சில பெயர்கள் இன்றளவும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. உதவியாளர்களான கோவர்த்தனம், ஹென்றி டேனியல் ஆகியோர் பெயர் திரையில் வந்ததுண்டு. வாசித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1964 டிசம்பரில் வந்த “சர்வர் சுந்தரம்” படத்தில் பாட்டு ஒலிப்பதிவு ஆகும் கூடத்தையே படம் பிடித்துக் காட்டினார்கள். வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள், விஸ்வநாதன் கையசைக்கிறார். தமிழ்நாடு முழுவதும் அவர்கள் முகத்தைப் பார்த்தது, கைதட்டியது. முகத்தைக் காட்டினார்களே தவிர, பெயரைச் சொன்னார்களா? சொல்லவில்லை!

“கூலி கொடுத்தாகிவிட்டதே!”

“மெட்டு இசையமைப்பாளருடையது. எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள், கூலி வாங்கினார்கள். அதோடு கணக்கு தீர்ந்தது” என்று சிலர் வாதாடுகிறார்கள். இந்த வாதம் நிற்குமா?

ஒரே மெட்டை நம் ஊர்த் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு ஒன்று வாசிக்கிறது. சுரம் அதேதான், தாளம் அதேதான். ஆனாலும் இசைத்தட்டில் இருக்கும் அந்த உயிர் வருவதில்லை. ஏன்? ஒரு குழலின் மூச்சும், ஒரு தபலாவின் விரல் அழுத்தமும் காகிதத்தில் எழுதக்கூடியவை அல்ல. அவை உழைப்பாளியின் கைச்சரக்கு. புடவையின் வரைபடத்தை ஒருவர் போட்டுக் கொடுக்கலாம். நெய்யும் கை மாறினால் புடவை மாறும் என்பது முத்தியால்பேட்டை நெசவாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, கணக்கு. கூலி கொடுத்ததோடு தீர்ந்தது என்பது நியாயமானால், இசைத்தட்டை விற்றுக் காசு வாங்கிய கம்பெனிக்கும் அன்றே கணக்குத் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படித் தீரவில்லை. 1957ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்கு 50 ஆண்டு காவல் நின்றது. 1992ல் அந்த 50ஐ 60 ஆக்கினார்கள். 1964ல் வெளியான இசைத்தட்டுக்கு 2024 கடைசி வரையில் காவல்! வாசித்தவனுக்கோ, கால்ஷீட்டு முடிந்து கூடத்தின் கதவு சாத்திய மாலையோடு சரி. ஒருவனுக்கு அறுபது ஆண்டு, இன்னொருவனுக்கு அரை நாள். இது என்ன தராசு?

சட்டம் சொல்வது

வாத்தியக்காரனுக்கும் பாடகனுக்கும் “நிகழ்த்துபவர்” என்ற முறையில் உரிமை உண்டு என்று 1994ல்தான் நம் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. அறுபதுகளில் வாசித்தவர்களுக்கு அதனால் வந்த பலன் ஒன்றுமில்லை. இசையமைப்பாளர் நிலைமையும் நெடுங்காலம் மோசமாகவே இருந்தது. சினிமாவுக்காகக் கூலி பேசிச் செய்த இசைக்கு முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளரே என்று 1977ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ல் வந்த திருத்தம்தான் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டிப் பங்கை உறுதி செய்தது. அது நல்ல வெற்றி.

ஆனால் அதே 2012 திருத்தத்தில் ஒரு ஓட்டையும் வைத்தார்கள். சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ சில்லறையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாமல் போனால், அவர் “நிகழ்த்துபவர்” ஆகமாட்டார் என்பது அதன் சாரம். தம் வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுவைத்தார்கள். எது பெரும்பங்கு, எது சில்லறைப் பங்கு என்று முடிவு செய்யப்போவது யார்? பணம் போடுகிறவர்கள். பெயர் போடாத வழக்கத்தை உண்டாக்கியது யார்? அவர்களேதான். பெயரை மறைப்பவர்களின் வழக்கமே உரிமையைப் பறிக்கும் ஆயுதமாகவும் ஆகிவிடுகிறது.

பெயர் என்பது வெறும் புகழ்ச்சி விஷயம் என்று இதற்குப் பிறகும் யாராவது சொல்ல முடியுமா?

இயந்திரம் வாசலில் நிற்கிறது

இன்று இது இன்னும் அவசரமான பிரச்சினை. கம்ப்யூட்டர் வந்து பெரிய வாத்தியக் கோஷ்டிகளைக் கலைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது செயற்கை அறிவு வந்திருக்கிறது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை 2024ல் “லால் சலாம்” படத்தில் இயந்திரத்தின் மூலம் மறுபடி உண்டாக்கினார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார். பாராட்ட வேண்டியதே. ஆனால் யோசியுங்கள்: பாடகருக்குப் பெயர் இருந்தது, ஆகவே குடும்பத்தைத் தேடிப் போக முடிந்தது. நாளைக்கு ஒரு பழைய கிடாரின் நாதத்தை, ஒரு பழைய வயலின் வரிசையின் குழைவை இயந்திரம் விழுங்கி வேறாக்கித் தந்தால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? எந்தக் குடும்பத்திடம் அனுமதி கேட்பது?

சங்கம் போட்ட பாதை

இந்த நாட்டுத் திரை வாத்தியக்காரர்கள் கைகட்டி நின்றவர்கள் அல்லர். “பாதை தெரியுது பார்” (1960) படத்துக்கு இசையமைத்த தோழர் எம்.பி. சீனிவாசன், சென்னைத் திரை இசைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றவர். அந்தப் படத்தை இயக்கிய நிமாய் கோஷும் அவரோடு தோள் கொடுத்தவர். சங்கம் வந்த பிறகுதான் கூலியையும் நேரத்தையும் பற்றித் தனியாளாகக் கெஞ்சாமல் கூட்டாகப் பேச வழி பிறந்தது. சீனிவாசன் 1988ல் மறைந்தார். கூலிப் பேச்சு நடந்தது. பெயர்ப் பேச்சு பாக்கி நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்றே விஷயம். இனி வெளிவரும் ஒவ்வொரு பாட்டுக்கும் வாசித்தவர் அனைவர் பெயரையும், வாத்தியத்தோடு சேர்த்து, வெளியிட வேண்டும். கைப்பேசித் திரையில் இடமில்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. இரண்டாவது, 2012 திருத்தத்தில் உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும். பெயர் போடாத குற்றத்தைச் செய்தவருக்கே அது லாபமாக முடியக்கூடாது. மூன்றாவது, பழைய பாட்டுகளின் தொகுப்பை விற்கும் கம்பெனிகளும் சர்க்காரும் சங்கமும் சேர்ந்து, அந்தக் கூடங்களில் வாசித்தவர்களில் இன்று உயிரோடிருக்கும் முதியவர்களிடம் கேட்டு, பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இதற்குக் காத்திருக்க நேரமில்லை. 1964ல் இருபது வயதில் வயலின் பிடித்தவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. புதுவையிலும் சுற்றுக் கிராமங்களிலும் மெல்லிசை மேடைகள் நடக்கின்றன. பாடகரை அறிமுகம் செய்யும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் தபலாக்காரர் பெயரையும் கீபோர்டுக்காரர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லும்படி விழாக் கமிட்டித் தோழர்கள் கேட்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், காசு வேண்டாம். உழைத்தவனை அவன் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் ஊரில் வேரூன்றட்டும். கம்பெனிகளின் கதவைத் தட்டும் பலம் அங்கிருந்துதான் பிறக்கும்.