அழிப்பதும் அழியவிடுவதும்

1992ஆம் ஆண்டு பம்பாய் கெமோல்ட் காட்சிக்கூடத்தில் ஓவியர் நளினி மலானி நேராகச் சுவரிலேயே வரைந்தார். சட்டகம் கிடையாது; விற்க ஒன்றும் கிடையாது. 'ஆசைகளின் நகரம்' என்ற அந்தக் காட்சி முடிந்ததும் சுவரில் இருந்தவை அழிக்கப்பட்டன. ராஜஸ்தானின் நாத்துவாராவில் பழைய சுவரோவியங்கள் பேணுவாரற்று உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த இழப்பு எப்படிப்பட்டது என்று காட்டுவதற்குத் தன் வரைவுகளையே அவர் கொடுத்தார். பின்னாளில் வரைவதையும் அழிப்பதையும் சேர்த்தே ஒரு நிகழ்த்துதலாக்கிப் பல நாட்டு அருங்காட்சியகங்களில் செய்தார்.

இது கலைஞர் தெரிந்தே செய்யும் அழிப்பு. அவருடைய வாழ்வில் இன்னொரு வகை மறைவும் நேர்ந்திருக்கிறது. 1969 தொடங்கி அவர் எடுத்த குறும்படங்கள் பல பத்தாண்டுகள் கலை உலகின் பேச்சிலேயே இல்லாமல் கிடந்தன. யாரும் தடைசெய்யவில்லை, யாரும் எரிக்கவில்லை. அவற்றைக் காட்டவும் காக்கவும் இடமில்லை, அவ்வளவுதான். 2023இல் கியோட்டோ பரிசு பெற்ற ஒருவரின் தொடக்ககாலப் படைப்புகளுக்கு நேர்ந்தது இது. அழிப்பதற்கும் அழியவிடுவதற்கும் உள்ள தூரத்தை இவருடைய அரைநூற்றாண்டுப் பணி துலக்கமாகக் காட்டுகிறது.

மலானி 1946இல் கராச்சியில் பிறந்தார். பிரிவினையின்போது குடும்பம் கல்கத்தாவுக்கும், பிறகு பம்பாய்க்கும் பெயர்ந்தது. 1964 முதல் 1969 வரை ஜே. ஜே. கலைப்பள்ளியில் படித்தார். படிக்கும்போதே பூலாபாய் தேசாய் நினைவு நிலையத்தில் அவருக்கு ஒரு பணியறை கிடைத்தது. ஓவியர்களும் நாடகக்காரர்களும் இசைவாணர்களும் நடனக் கலைஞர்களும் ஒரே கட்டடத்தில் வேலை செய்த இடம் அது. ஒரு கலையிலிருந்து இன்னொரு கலைக்குத் தயக்கமில்லாமல் போய்வரும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்த வாசலைத் திறந்தவர் ஓவியர் அக்பர் பதம்ஸி. தனக்குக் கிடைத்த நேரு நிதிநல்கையைக் கொண்டு 1969இல் பம்பாயில் அவர் 'விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப்' என்ற பட்டறையை அமைத்தார். 16 மி.மீ. கேமராவும் அசைவூட்டப் படமெடுக்கும் சாதனமும் அங்கே இருந்தன. ஓவியர்கள், ஒளிப்பதிவாளர்கள், திரைக்கலைஞர்கள், உளப்பகுப்பாய்வாளர் எனப் பல துறையினர் ஒன்றுகூடினர். அவர்களில் இளையவரும் ஒரே பெண் ஓவியருமான மலானிக்கு அப்போது 23 வயது.

அங்கே அவர் எடுத்த 'கனவு வீடுகள்' ஒரு கட்டட மாதிரியின் மீது வண்ண ஒளியைப் படரவிட்டு ஒவ்வொரு சட்டகமாகப் பதிவுசெய்த படம். நேரு காலத்து நம்பிக்கையும், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா போன்றோர் பேசிய புதிய நகரம் பற்றிய கனவும் அதில் உண்டு. ஏழாண்டு கழித்து, நெருக்கடிநிலை நடப்பில் இருந்த 1976இல், கறுப்பு வெள்ளையில் இன்னொரு படம் எடுத்தார். உயரத்தில் நின்று ஓர் இளம்பெண் நகரத்தைப் பார்க்கிறாள்; கண்ணுக்கெட்டும் இடத்தில் இருப்பவை குடிசைகள். இரண்டையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டு 'உட்டோப்பியா' என்று பெயரிட்டார். வாக்குறுதியும் அது வந்துசேர்ந்த இடமும் ஒரே சுவரில் தெரிகின்றன. இந்திய அரசியலை இத்தனை சிக்கனமாகச் சொன்ன படங்கள் குறைவு.

அந்தப் பட்டறை 1972இல் முடிந்துவிட்டது. அங்கே பதம்ஸி எடுத்த 'ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' என்ற ஆறு நிமிடப் படத்துக்கு ஒரே பிரதிதான் இருந்தது. காட்சிக்கு அனுப்பிய இடத்தில் அது தொலைந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, முதுமையில் இருந்த பதம்ஸியோடு உட்கார்ந்து இயக்குநர் அஷிம் அலுவாலியா அந்தப் படத்தை நினைவிலிருந்து மீட்க முயன்றார். அந்த முயற்சியே 2016இல் தனிப் படமாக வந்தது.

இதற்கு நேரெதிரான இரண்டு உதாரணங்களும் அதே காலத்தில் உள்ளன. ஓவியர் எம். எஃப். ஹுசைன் அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' 1967இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதைப் பெற்றது. ஓவியர் தையப் மேத்தா 1970இல் அதே நிறுவனத்துக்காக எடுத்த படத்துக்கு 'கூடல்' என்று தமிழ்ப் பெயர் வைத்தார். இரண்டையும் இன்றும் பார்க்க முடிகிறது. ஹுசைனும் மேத்தாவும் பதம்ஸியைவிடக் கவனமானவர்கள் என்பதல்ல காரணம். பிரதியை வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது.

அன்றைய திரைப்பட நிதிக் கழகம் மணி கௌல், குமார் ஷஹானி போன்றோரின் முழுநீளப் படங்களுக்குக் கைகொடுத்தது. பிலிம்ஸ் டிவிஷனின் முதன்மை வேலை ஆவணப்படம். காட்சிக்கூடங்கள் கான்வாஸைத் தேடின. ஓர் ஓவியர் எடுத்த நான்கு நிமிடப் படம் இந்த மூன்றில் எதன் கணக்கிலும் சேராது. மலானி பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் சென்று திரும்பியபின் நீண்டகாலம் தூரிகையையே நம்ப வேண்டியிருந்ததன் பின்னணி இதுதான்.

ஆனாலும் அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. 1981இல் பூபேன் கக்கர், குலாம் முகம்மது ஷேக், விவான் சுந்தரம் முதலானோருடன் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' கண்காட்சியில் பங்கேற்றார். மனித உருவத்தையும் நகரத்து வாழ்வையும் இந்திய ஓவியத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த காட்சி அது. அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாத்வி பாரேக் ஆகியோரோடு 1987 முதல் 1989 வரை நடத்திய கண்காட்சி, பெண் ஓவியர்கள் தாங்களே முன்னின்று கூட்டாக இயங்கியதற்கு முன்னோடி. கக்கரிடமிருந்து கண்ணாடி ஓவிய முறையையும் இந்தக் காலத்தில்தான் அறிந்துகொண்டார். தஞ்சைக் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்கு அந்த முறை தெரியும்: பின்பக்கத்தில் வரைவார்கள், கண்ணும் நகையும் முதலில், பின்னணி கடைசியில். மலானி கண்ணாடியை விட்டு அக்ரிலிக்குக்கும் மைலார் தாளுக்கும் மாறினார். ஒளி ஊடுருவும் பரப்பில் வரையத் தொடங்கியதுமே அவருடைய ஓவியம் பாதி சினிமாவாகிவிட்டது.

பாபர் மசூதி இடிப்பும் அதற்குப் பின் பம்பாயில் நடந்த வன்முறையும் அவரைக் கான்வாஸுக்கு வெளியே தள்ளின. 1993இல் நடிகை அலகநந்தா சமர்த்தோடு சேர்ந்து ஹைனர் முல்லரின் மெடியா நாடகப் பிரதியை மாக்ஸ்முல்லர் பவனில் நிகழ்த்துதலாக்கினார். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. சில நாள்களில் பாகிஸ்தானும் சோதனை நடத்தியது. மலானியின் மறுமொழி 'டோபா டேக் சிங்கை நினைவுகூர்தல்'. உருது எழுத்தாளர் மண்ட்டோவின் பிரிவினைக் கதையில் எந்தப் பக்கமும் சேராத நிலத்தில் விழுந்துகிடக்கும் பிஷன் சிங்கின் ஊர் அது. தரையில் 12 தகரப் பெட்டிகள், அகதிகள் தூக்கிவந்தவை போல. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு தொலைக்காட்சித் திரை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள், நடுவே ஒரு புடவையை மடிக்கப் பார்க்கிறார்கள். ஹிரோஷிமா, நாகசாகிக் காட்சிகள் இடையே வருகின்றன. கராச்சியில் பிறந்த ஒருவருக்கு இது வெறும் செய்தி அல்ல. பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் அது 1999இல் வைக்கப்பட்டபோது, வழக்கமாகச் சிலை பார்க்க வரும் மக்கள் அதன் பார்வையாளர்கள் ஆனார்கள்.

2002 குஜராத் வன்முறைக்குப் பிறகு 'வேற்றுமையில் ஒற்றுமை' வந்தது. பல சமூகத்துப் பெண்கள் இசைக்கருவிகளோடு அமர்ந்திருக்கும் ரவிவர்மாவின் ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அந்த இணக்கத்தை வன்முறையின் காட்சிகளால் குலைத்தார். மானிடவியலாளர் வீணா தாஸின் கட்டுரையிலிருந்து தூண்டுதல் பெற்ற 'மதர் இந்தியா' 2005இல் வெனிஸ் சென்றது. பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களின் உடல்மீது தேசம் எழுதிக்கொண்டதை ஐந்து திரைகளில் பேசியது.

2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் டாகுமென்டா கண்காட்சியில் வைத்த 'மறைந்த இரத்தத்தைத் தேடி' இந்த வழிகள் எல்லாம் சேரும் இடம். தலைப்பு உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸிடமிருந்து வந்தது. பின்பக்கம் வரையப்பட்ட மைலார் உருளைகள் ஐந்து மேலே தொங்கி மெல்லச் சுழல்கின்றன. ஆறு ஒளிவீழ்த்திகள் அவற்றின் ஊடாகச் சுவரில் படம் பாய்ச்சுகின்றன. ஓவியம் நிழலாகிறது, நிழல் படத்தின்மேல் நகர்கிறது, நடுவே நிற்கும் பார்வையாளரின் நிழலும் அதோடு கலந்துவிடுகிறது. கிரேக்கத் தொன்மத்தின் கசாண்ட்ராவும் மகாசுவேதா தேவி கதையின் திரௌபதியும் அந்தச் சுவரில் சந்திக்கிறார்கள்.

எழுபது வயதைத் தாண்டியபின் ஐபேடில் விரலால் வரைந்து அசைவூட்டப் படங்கள் செய்யத் தொடங்கினார். 2018இல் கதுவாவில் எட்டு வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையின் நினைவைச் சுமக்கும் 'கேன் யூ ஹியர் மீ?' அப்படி 88 படங்களால் ஆனது. 2020இல் லண்டன் ஒயிட்சாப்பல் கூடத்தில் அவை செங்கல் சுவரெங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. தனி அறையில், சிறு கருவியில், சட்டகம் சட்டகமாக உருவான இந்தப் படங்களுக்கும் 1969இன் 'கனவு வீடுகளு'க்கும் உறவு நெருக்கமானது. பாரிஸ் பாம்பிடு மையம் 2017இல் அவருடைய பணியை 1969இலிருந்தே தொகுத்துக் காட்டியபோது அந்தத் தொடர்ச்சி வெளிப்பட்டது. பிற்காலத்தில் வீடியோவுக்கு மாறிய ஓவியர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது பிழை. அவர் தொடக்கத்திலேயே திரைக்கலைஞர். நடுவில் திரை அவருக்கு மறுக்கப்பட்டது.

இழப்பு தமிழுக்குப் புதிதல்ல. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்தின் பிரதி இன்று இல்லை. வணிக வெற்றி கண்ட படத்துக்கே அந்தக் கதி என்றால், ஓவியர் ஒருவர் தன் செலவில் எடுத்துவைத்த படச்சுருளை யார் தேடுவார்கள்? ஓவியர்களோடு தோழமை கொண்டு வளர்ந்தவை தமிழ்ச் சிற்றிதழ்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் இல்லாமல் நம் இதழ் வரலாற்றை எழுத முடியாது. ஓவியர்கள் எடுத்த படங்களைப் பற்றியோ அந்த இதழ்களில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

பிலிம்ஸ் டிவிஷனும் புனே திரைப்பட ஆவணக் காப்பகமும் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன. ஒரே கூரை வந்திருக்கும் இந்த நேரத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் எடுத்த படங்களுக்குத் தனி அட்டவணை தயாராக வேண்டும். கலைஞர்களின் வீடுகளில் உள்ள சுருள்களை வாங்கி எண்ணிமப்படுத்தி, மூலத்தைக் குளிரறையில் வைக்க வேண்டும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் 'கூடல்' படத்தையும் 'உட்டோப்பியா'வையும் பாடத்தின் பகுதியாகப் பார்க்க வழிசெய்ய வேண்டும். மேத்தா 2009இலும் ஹுசைன் 2011இலும் பதம்ஸி 2020இலும் காலமானார்கள். அந்தத் தலைமுறையில் இருப்பவர்களைச் சந்தித்து, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இந்த ஆண்டே தொடங்கியாக வேண்டும்.