படகு கட்டுற மாசத்துல பீஸ் கட்டணும்!

வட சென்னைக்கென்று தனியாக ஒரு காலண்டர் உண்டு. தினசரி ஷீட்டைக் கிழிக்கிற காலண்டர் இல்லை. ஏப்ரல் 15ஆம் தேதி வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டுவிடுவார்கள். மீன்கள் நிம்மதியாக இனப்பெருக்கம் செய்யட்டும் என்று 61 நாள் தடை. ஜூன் 14 வரை படகில் பெயின்ட் அடிக்கலாம், வலையைத் தைக்கலாம், கேரம் போர்டு ஆடலாம். கடலுக்கு மட்டும் போகக்கூடாது.

சரி, நல்ல விஷயம்தான். மீன் இருந்தால்தானே மீனவர்? ஆனால் பாருங்கள், ப்ளஸ் டூ ரிசல்ட் வருவது இந்த 61 நாளுக்குள்தான். காலேஜ் அப்ளிகேஷன், கவுன்சலிங், முதல் தவணை பீஸ் எல்லாம் இதையொட்டித்தான். வீட்டுக்குள் ஒரு ரூபாய்கூட வராத மாதமாகப் பார்த்து, 'மூன்று நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்கு' என்று காலேஜ் நோட்டீஸ் போர்டு சொல்லும். மீன் குஞ்சுக்கு 61 நாள் அவகாசம். மீனவர் வீட்டுக் குஞ்சுக்கு மூன்று நாள்!

"கவலைப்படாதீங்க, ஸ்காலர்ஷிப் வரும்" என்பார்கள். வரும். 'வரும்' என்பது தமிழ் இலக்கணத்தில் எதிர்காலம். அரசாங்கத்தில் அது ஒரு தத்துவம். எப்போது என்று கேட்கக்கூடாது.

பி.காம். படித்துவிட்டு ஆபீசுக்குப் போகாமல், பத்திரிகைக்கு எழுதிக்கொண்டு வீட்டோடு இருப்பவனுக்குத் தெருவில் ஒரு பதவி தானாகவே வந்து சேரும். சம்பளமில்லாத பதவி. 'ஃபாரம் ஃபில்லப் பண்ற சார்.' திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எனக்கு அந்தப் பதவி கிடைத்துப் பல வருடமாகிறது. ஆதி திராவிட மாணவர் உதவித்தொகை, பி.சி., எம்.பி.சி. உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சலுகை, பேங்க் கல்விக் கடன் என்று எல்லா ரகமும் என் திண்ணைக்கு வரும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றாலும், தெருவுக்கு இன்னமும் அது 'ஃபாரம்'தான்.

மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தார்.

"இன்னா தம்பி, போன வருசம் பொண்ணுக்கு எழுதிக் குட்த்தியே, அது இன்னாச்சி?"

"'அண்டர் ப்ராசஸ்'னு காட்டுதுக்கா."

"அப்டின்னா?"

"நடந்துக்கிட்டு இருக்காம்."

"எங்க நடக்குது? நடந்தா இந்நேரம் இங்க வந்து சேர்ந்திருக்காது?"

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்பதை நாங்கள் காலம் காலமாகப் பார்த்து வளர்ந்தவர்கள். காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வரிசையில் டிரைவருக்குத் தன் முன்னால் எத்தனை லாரி என்று தெரியும். ஸ்டவ் பற்ற வைத்து ரசம் வைக்கலாமா, அல்லது கிளம்பிவிடுமா என்று கணக்குப் போடுவார். ஸ்காலர்ஷிப் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு முன்னால் நிற்பது யார், எத்தனை பேர், எந்த கேட் மூடியிருக்கிறது... ஒன்றும் தெரியாது.

*

கேட்டுகள் என்னென்ன என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கேட், வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், தாசில்தார் ஒப்புதல் தர வேண்டும். அதில் 'ஆண்டு வருமானம் எவ்வளவு?' என்று ஒரு கட்டம். பங்குக்குக் கடலுக்குப் போகிற மனிதரிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? "அத்த கடலாண்டதான் கேக்கணும் சார்" என்றார் ஒருவர். நியாயமான பதில்தான். ஆனால் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறுகிறது.

இரண்டாவது கேட், பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே விரிந்து அப்பா பெயராகி நிற்கும். மூன்றும் ஒரே பெண்தான் என்று பெற்ற தாய் சொல்லுவாள். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது.

மூன்றாவதுதான் பெரிய கேட். ஆதார் வழியாகப் பணம் போடும்போது, நாம் எழுதிக் கொடுத்த அக்கவுண்டுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை சார். ஆதாரோடு கடைசியாக எந்த பேங்க் அக்கவுண்ட் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். பள்ளிக்கூடத்தில் ஒரு அக்கவுண்ட், காலேஜில் சேர்ந்ததும் ஒரு அக்கவுண்ட், நடுவில் யாரோ தெருமுனையில் குடை போட்டு 'இலவசமா ஓபன் பண்ணித் தர்றோம்' என்று விரல் ரேகை வாங்கிய ஒரு அக்கவுண்ட். 2017ல் நாட்டில் பல பேருக்கு காஸ் மானியம் காணாமல் போய், கடைசியில் அவர்களுக்கே தெரியாமல் சிம் கார்டு சரிபார்ப்பின்போது திறக்கப்பட்ட பேமென்ட் பேங்க் கணக்கில் கிடந்தது ஞாபகமிருக்கிறதா? அதே கதைதான். பணம் வந்துவிட்டது என்று ஆபீஸ் சொல்லும். வரவில்லை என்று பெண் அழும். இரண்டுமே உண்மை!

நான்காவது கேட் நம் கைக்கு எட்டாதது. ஆதி திராவிட மாணவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை 1944ல் தொடங்கிய திட்டம். சுதந்திரத்தைவிட மூன்று வயது மூத்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி அமைத்து, ஐந்து வருடத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. அதில் மத்திய பங்கு 35,534 கோடி. அதாவது நூற்றுக்கு அறுபது மத்திய சர்க்கார், நாற்பது மாநிலம். மாநிலம் தன் நாற்பதை முதலில் போட வேண்டும். போட்டது உறுதியான பிறகே மத்திய அறுபது நேராக மாணவர் கணக்குக்கு வரும். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளும் "நீங்க முதல்ல உட்காருங்க", "இல்ல, நீங்க முதல்ல" என்று உபசரித்துக்கொள்கிற மாதிரி. உபசாரமெல்லாம் சரி, இலை போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பசிக்கிறதே!

*

நான் படித்த பி.காமில் எனக்குப் புரிந்த பாடம் ஒன்றே ஒன்று. வர வேண்டிய பணம் வேறு, வந்த பணம் வேறு. லெட்ஜரில் 'வர வேண்டியவை' என்று அழகாக எழுதிக்கொள்ளலாம். அதை காலேஜ் கவுன்ட்டரில் நீட்டினால் ரசீது தரமாட்டார்கள்.

ஆகவே அந்த இடைவெளியை யாரோ ஒருவர் நிரப்பியாக வேண்டும். யார்? அம்மாவின் கம்மல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பீஸ் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை வைத்து ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 240 ரூபாய். உதவித்தொகை பத்து மாதம் கழித்து வந்தால் வட்டி மட்டும் 2,400. பன்னிரண்டாயிரத்துக்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது 9,600தான். நகை இல்லாத வீட்டில் அஞ்சு வட்டி. பத்து மாதத்தில் 6,000. உதவித்தொகையில் சரிபாதி காலி!

இப்போது சொல்லுங்கள், இங்கே யார் யாருக்கு உதவினார்கள்? ஜூனில் தர வேண்டியதை ஏப்ரலில் தருகிற வரையில், அந்தப் பணத்துக்கான பாரத்தைச் சுமந்தது தண்டையார்பேட்டையில் ஒரு குடிசை வீடு. மார்வாடிக் கடைக்கு வட்டி கட்டியதும் அந்த வீடுதான். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பத்து மாதமும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தது அந்த அம்மா. வட்டியில்லாமல்!

*

அந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். எங்கள் துறைமுகத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904ல் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு பையன், கணக்கைத் தவிர வேறெதிலும் கண் வைக்காமல் ஆங்கிலத்தில் தவறிவிட்டான். உதவித்தொகை போயிற்று. பீஸ் கட்ட வீட்டில் வழியில்லை. 1905ல் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். அப்புறம் பல வருடம் அலைந்து, 1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஆனார். சீனிவாச ராமானுஜன். (சட்டென்று 'ஆனார்' போட்டுவிட்டேன், கவனித்தீர்களா? வேலை கிடைத்தால் மரியாதை வந்துவிடுகிறது.)

1913 பிப்ரவரி 26ஆம் தேதி, வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர், இவருக்கு ஏதாவது செய்யுங்கள் என்று மெட்ராஸ் யுனிவர்சிடிக்குக் கடிதம் எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. வேண்டும் என்பது விதி. ராமானுஜனிடம் பி.ஏ.வே கிடையாது. இருந்தும் மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்குக் கொடுத்தார்கள். கடிதத்துக்கும் உதவித்தொகைக்கும் நடுவில் 64 நாள். மீன்பிடித் தடைக் காலத்தைவிட மூன்றே நாள் அதிகம்! ஆதார் இல்லை, போர்ட்டல் இல்லை, ஓ.டி.பி. இல்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. ராமானுஜனுக்குப் பின்னால் போர்ட் டிரஸ்ட் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நின்றார். சீஃப் அக்கவுன்டன்ட் நாராயண ஐயர் நின்றார். எங்கள் தெருப் பெண்ணுக்குப் பின்னால் நிற்பது நான்தான். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

எல்லாம் தாமதம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி, எங்கள் பக்கத்து பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இதற்கு வருமான வரம்பு கிடையாது. ஆகவே வருமானச் சான்றிதழ் என்கிற கேட்டே கிடையாது. ஒரு கேட்டை எடுத்தாலே லாரி எவ்வளவு சுலபமாக நகர்கிறது, பாருங்கள்.

*

சும்மா புலம்பிவிட்டுப் போனால் 'ஃபாரம் சார்' பதவிக்கு மரியாதை இல்லை. ஆகவே தெருவில் நான் தினம் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

வருமானச் சான்றிதழை ரிசல்ட் வந்த பிறகு தேடாதீர்கள். படகு கட்டிய வாரமே இ-சேவைக்குப் போய்விடுங்கள். அப்போதுதான் வீட்டில் ஆள் சும்மா இருக்கிறார்.

ஆதாரோடு எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஐந்து நிமிஷ வேலை. தப்பான பேங்க் என்றால், சரியான பேங்க்குக்குப் போய் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பல நாளாகப் பணம் போடாமல் தூங்குகிற அக்கவுண்டாக இருந்தால் பேங்க்கில் கே.ஒய்.சி. கொடுத்து எழுப்பி விடுங்கள்.

போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்குத் தகுதியுள்ள ஆதி திராவிட மாணவர்கள் 'ஃப்ரீஷிப் கார்டு' பற்றி காலேஜில் கேளுங்கள். முன்பணம் கட்டாமல் சேர்வதற்காகவே விதிகளில் இருக்கிற ஏற்பாடு அது. கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

கல்விக் கடனுக்கு பேங்க் போனால், "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பது தேசிய கீதம் மாதிரி எல்லாக் கிளையிலும் ஒன்றுதான். அதற்காக எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, விண்ணப்பத்தின் மேல் 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. இல்லை என்று சொல்வதானால் மேலதிகாரி சம்மதத்தோடு, காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். "வாயால சொல்லாதீங்க சார், எழுதிக் கொடுங்க" என்று ஒருமுறை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். லீவில் போன மேனேஜர் பின்பக்க ரூமிலிருந்து வருவார்.

எதைக் கொடுத்தாலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அது இல்லாமல் 1100க்குப் போன் செய்து புகார் சொன்னால், பேச்சு 'எப்ப குடுத்தீங்க?' என்பதிலேயே நின்றுவிடும்.

கடைசியாக சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம். ஈ.பி. பில் தேதி தப்பினால் வந்து ஃபியூஸைப் பிடுங்குகிறீர்கள். வருமான வரி தப்பினால் வட்டி போடுகிறீர்கள். தப்பில்லை, கணக்கு என்றால் கணக்காகத்தான் இருக்க வேண்டும். அதே கணக்குப்படி, உதவித்தொகை தேதி தப்பினால் அந்தப் பெண்ணுக்கும் வட்டி போட்டுக் கொடுத்துவிடுங்கள். அஞ்சு வட்டியெல்லாம் வேண்டாம், எங்கள் அக்கா ரெண்டு வட்டிக்கே ஒப்புக்கொள்வார். மொத்தமாகத் தர முடியாவிட்டாலும் பரவாயில்லை. தண்டல்காரர் வந்து வாங்கிப் போகிற மாதிரி, தினம் சாயந்திரம் நாங்களே ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம்!