நடுகல்லுக்குப் பக்கத்தில் கழிப்பறை

அருங்காட்சியகம் என்றதும் காட்சிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். கழிப்பறை, டிக்கெட் கவுண்டர், ஜெனரேட்டர் அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கடைசியில், மிச்சப் பணத்தில் முளைக்கின்றன. பிறகு அவற்றின் அவலட்சணத்தை மறைக்க சிமென்டில் யாளியோ குட்டிக் கோபுரமோ ஒட்டுகிறார்கள். அலங்காரம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அந்த அலங்காரம் ஏதாவது வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

லண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் இடத்தில், 1860-களில் சிற்றுண்டி அறைகளை அலங்கரித்தார்கள். அவற்றில் ஓர் அறையில் சுவரும் தூணும் பளபளக்கும் பீங்கான். பார்க்க அழகு, எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், தீயும் பற்றாது. அவ்வளவு தூரம் போவானேன்? முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியக வளாகத்தின் திட்டம் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. அவர் பெயர் சொன்னாலே நினைவுக்கு வருவது இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சல்லடைச் சுவர். காற்று வரும், வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். கழிப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் ஏது?

இப்போது நடுகற்கள் நிறைந்த செங்கத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆழமில்லாத புடைப்பு, தேய்ந்த வட்டெழுத்து. பக்கவாட்டில் வெயில் சாயும்போதுதான் எழுத்து கண்ணில் படும். இப்படிப்பட்ட கல்லுக்கு எதிரே வில்லேந்திய வீரனை வண்ணம் பூசிய சிமென்டில் கழிப்பறை வாசலில் நிறுத்தினால், பார்வையாளர் படமெடுப்பது அந்தச் சிமென்ட் வீரனைத்தான். மூலக்கல் தோற்றுப்போகும்.

ஆகவே நடுகற்களுக்கென வளாகம் எழுப்பும்போது பயன்பாட்டுக் கட்டடங்கள் உயரம் குறைந்து, பின்னால் ஒதுங்கி நிற்கட்டும். பக்கத்து ஜவ்வாது மலையில் உள்ள பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் பலகைக்கற்களை நட்டு, மேலே மூடுகல் வைத்து எழுப்பியவை. அந்த உருவத்தை நகலெடுக்க வேண்டாம். நம் ஊர்ப் பலகைக்கல்லைச் சுவருக்கும் திண்ணைக்கும் பயன்படுத்தினால் போதும். சுவரின் மேற்பகுதியில் செங்கல் சல்லடை, வெயில் மறைக்க அகலமான இறவாரம் இருந்தால் அதுவே அழகு.

திட்டம் போடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: காட்சிக்கூடத்தை வரையும் கட்டடக் கலைஞரிடமே கழிப்பறையையும் ஜெனரேட்டர் அறையையும் வரையச் சொல்லுங்கள். அதற்கான தொகையை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.