பிச்சையல்ல, பிள்ளையின் பங்கு!

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். யார் மீது குற்றம் என்று ஊர் பேசட்டும், கோர்ட் தீர்மானிக்கட்டும். நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அந்தச் சண்டையில் எந்தக் குற்றமும் செய்யாத ஒரு ஜீவன் உண்டே, அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? துணி எடுப்பது யார்? காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது யார்?

களை எடுக்கும் கூலியை இழந்து, கைப்பிள்ளையுடன் கோர்ட் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நாம் பார்க்கிறோம். வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. கடைசியில், “பிள்ளைக்கு மாதம் என்ன செலவு?” என்று கேட்கிறார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிர்த் தரப்பு வாதம் எழுகிறது: “ரேஷன் அரிசி இலவசம். சர்க்கார் பள்ளியில் சம்பளம் கிடையாது. பிறகென்ன செலவு?”

என்ன செலவா? அரிசி இலவசம்தான்; அதை வேகவைக்கும் அடுப்பு இலவசமாக எரிவதில்லை. பருப்பும் எண்ணெயும் காய்கறியும் கடையில்தான் வாங்க வேண்டும். பள்ளியிலே மதியச் சாப்பாடு உண்டு; ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைக்குப் பசிக்கிறதே! தாய் கொடுக்கும் வீட்டு வாடகையில் பிள்ளைக்கும் பங்கு உண்டு. அவன் படிக்கும் விளக்குக்குக் கரண்டு கட்டணம் உண்டு. மருந்து, செருப்பு, நோட்டுப் புத்தகம், திருவிழாத் துணி எல்லாம் உண்டு. தாய் ஷிப்டுக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பிள்ளை படுத்துவிட்டால் அவள் வேலைக்குப் போக முடியாது. அன்றைய கூலியும் போச்சு. இந்தக் கணக்கை எந்த வக்கீலும் எழுதிக்கொள்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1956ஆம் ஆண்டு இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம், ஜீவனாம்சம் என்றால் உணவு, உடை, இருப்பிடம், கல்வி, வைத்தியம் ஆகிய ஐந்தும் சேர்ந்தது என்று சொல்கிறது. தந்தை, தாய் இருவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்றும் சொல்கிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே ஐந்தையும் எடுத்துரைத்ததோடு, நியாயமான அளவில் டியூஷன், தொழிற்பயிற்சிச் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொன்னது. படிப்புச் செலவை சாதாரணமாகத் தந்தையே ஏற்க வேண்டும்; தாய் போதுமான வருமானம் உள்ளவளானால் இருவரும் வருமானத்துக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம் என்றது. இரு தரப்பும் சொத்து, வரவு, கடன் விவரங்களைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும்; மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

மதம் எதுவானாலும் வழக்குப் போட ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. முறையாகக் கலியாணம் செய்யாத பெற்றோரின் பிள்ளைக்கும் இதில் உரிமை உண்டு. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டு என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டத்தின் சரித்திரத்தையும் நாம் மறக்கக் கூடாது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அரிசிக்கு உச்சவரம்பு இல்லை, வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. பிள்ளையின் வயிற்றுக்கு மட்டும் உச்சவரம்பு! 2001இல்தான் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

நம் அளவுகோல்

கோர்ட்டின் அளவுகோல் இருக்கட்டும். உழைப்பாளிகளாகிய நமக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று வகுத்தது. ஒரு தொழிலாளியின் குடும்பம் மூன்று நுகர்வு அலகுகள் கொண்டது. அதற்கு உணவு, நபருக்கு ஆண்டுக்கு 18 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு எல்லாம் கூலியில் அடங்க வேண்டும். 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை முதலியவற்றுக்காக இன்னும் 25 சதவீதத்தைச் சேர்த்தது.

கூலி உயர்வுக்காகப் பேச்சுவார்த்தை மேஜையில் நாம் வைத்த கணக்கு இதுதான். அந்த மூன்று அலகில் தொழிலாளிக்கு ஒன்று. மீதி இரண்டும் யாருக்கு? மனைவிக்கும் மக்களுக்கும்! ஆலை வாசலில் கோஷம் போட்டபோது நாம் கேட்டது தனி ஆளின் வயிற்றுக்கான கூலியையா? பிள்ளையின் பெயரைச் சொல்லித்தானே முதலாளியிடம் கேட்டோம்! பிள்ளையின் பெயரால் வாங்கிய கூலியைப் பிள்ளைக்குத் தராமல் மதுக்கடையில் கொடுப்பவன், முதலாளி செய்யும் அதே காரியத்தைச் செய்கிறான்: பிறருடைய பங்கைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான்.

இதைச் சொல்வதால் நம்மில் சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கொடியேந்தி முன்வரிசையில் நிற்கும் நம் ஆட்களில் சிலர், வாய்தாவன்று தலைமறைவாகிறார்கள். “அவளுக்கு எதற்குப் பணம்?” என்கிறார்கள். அவளுக்கு அல்ல, பிள்ளைக்கு. “தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேனே” என்கிறார்கள். மற்ற நாட்களில் பிள்ளை எதை உடுத்தும்? “பிள்ளையைப் பார்க்க விடவில்லை, அதனால் நிறுத்தினேன்” என்கிறார்கள். பார்க்கும் உரிமையைக் கோர்ட்டில் கேட்டு வாங்கு. பிள்ளையைப் பட்டினி போட்டு வாங்காதே. அதேபோல், பணம் வரவில்லை என்பதற்காகத் தந்தையின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் இருப்பதும் தவறு. பணமும் பாசமும் இரண்டுமே பிள்ளையின் உரிமை. ஒன்றை ஒன்றுக்கு அடகு வைக்க யாருக்கும் அதிகாரமில்லை.

கஷ்டத்தை நாம் அறியாமலில்லை. ஆலை மூடிவிட்டால், மழை பொய்த்து வயலில் வேலை இல்லாவிட்டால், தந்தை எங்கே போவான்? நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்டு மனுப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. போட வேண்டும். தானாக நிறுத்திவிட்டு ஒளியக் கூடாது. கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறையில் இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தாய்மார்களுக்கும் சொல்கிறோம். நிலுவை விழுந்தால் ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டுவிடுங்கள். தாமதித்தால் அந்த வழி அடைபடும். இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் கூடியவரை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. கொடுமைக்கு ஆளாகிப் பிரிந்தவர்கள் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கணவனின் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியே நேராகக் கட்டும்படி உத்தரவு கேட்கலாம்.

சர்க்காரின் கடமை

எல்லாப் பழியையும் ஏழைத் தந்தை தலையில் போட்டுவிட்டுச் சர்க்கார் தப்பித்துக்கொள்ள நாம் அனுமதிக்க முடியாது. நாம் கோருவது இது:

தந்தை தவறினால் பிள்ளைக்குச் சர்க்காரே மாதாமாதம் முன்பணமாகக் கொடுத்து, பிறகு தவறியவனிடம் வசூலிக்கட்டும். ஸ்வீடனில் இத்தகைய ஏற்பாடு நடக்கிறது. இங்கே ஏன் முடியாது?

விலைவாசி ஏறும்போது பஞ்சப்படி ஏறுவதுபோல், பிள்ளையின் ஜீவனாம்சமும் வருஷந்தோறும் தானாக ஏறட்டும். நூறு ரூபாய் உயர்வுக்காக மறுபடியும் கோர்ட் படி ஏறச் சொல்வது அநியாயம்.

ஆலைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் வேலை நேரம் முழுவதும் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்களை, அவர்களில் ஒருவராவது பெண்ணாக, இந்த வேலைக்கு நியமியுங்கள். தாயுடன் துணைக்குப் போகட்டும். தந்தையை உட்கார வைத்துப் பேசட்டும்.

குடும்பம் உடையலாம். பிள்ளையின் தட்டு உடையக் கூடாது. நாளைய ஆலையையும் வயலையும் ஆளப் பிறந்த பிள்ளை அது. அதன் பங்கை முதலாளியிடமிருந்தும் பெறுவோம், சர்க்காரிடமிருந்தும் பெறுவோம், முதலில் நம் பையிலிருந்து எடுத்து வைப்போம்!