வீடு கட்டும் நிறுவனம் பாதியில் கைவிட்டால்? குத்தகையாளர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்?

பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்து, குலுக்கலில் நல்ல எண் கிடைத்து, வீட்டையும் தேர்வு செய்தாச்சு. இனி சாவிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில், உங்கள் புளோக்கைக் கட்டும் நிறுவனத்தால் வேலையைத் தொடர முடியாது என்று தகவல் வந்தால் எப்படி இருக்கும்?

2021 ஆகஸ்ட்டில் அதுதான் நடந்தது. புக்கிட் பாத்தோக், புக்கிட் பாஞ்சாங், மார்சிலிங், வெஸ்ட் கோஸ்ட் வட்டாரங்களில் ஐந்து பிடிஓ திட்டங்களைக் கட்டிக்கொண்டிருந்த கிரேட்எர்த் நிறுவனங்கள் நிதி நெருக்கடியால் கையை விரித்தன. பாதிக்கப்பட்ட வீடுகள் 2,982. வீவக புதிய குத்தகையாளர்களைத் தேடி நியமித்தது. ஆனால் கல்யாணத் தேதி, வாடகை வீட்டு ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் சாவி கிடைக்கும் நாளோடு முடிச்சுப் போட்டிருந்தவர்களுக்குக் காத்திருப்பு நீண்டது.

அந்த நேரத்தில் பலர் கேட்ட கேள்வி: "இவங்களுக்கு வேலையைக் கொடுக்கும் முன்னாடி யாரும் சரிபார்க்கலையா?"

சரிபார்க்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே அதற்கு எல்லை என்று பார்ப்போம்.

முன்தகுதி: தேர்வு மண்டபத்துக்குள் நுழையவே தகுதி வேண்டும்

அரசாங்கக் கட்டுமானத் திட்டத்துக்கான ஏலக்குத்தகையில் நினைத்தவர் எல்லாம் பங்கெடுக்க முடியாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் குத்தகையாளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதைத்தான் முன்தகுதி என்கிறோம். விலை பற்றிப் பேசும் முன்பே, இந்த வேலையைச் செய்ய உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்ப்பது.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்? நிறுவனத்தின் முதலும் நிகர மதிப்பும், தகுதி பெற்ற பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும், தரத்துக்கும் பாதுகாப்புக்குமான சான்றிதழ்கள், இதற்குமுன் முடித்துக் கொடுத்த வேலைகள்.

கட்டட வேலை, சாலை, பாலம் போன்ற கட்டமைப்பு வேலை ஆகியவற்றில் ஏழு தரநிலைகள் உள்ளன. மேலே ஏ1, கீழே சி3. ஏ1 நிறுவனம் எவ்வளவு பெரிய திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குக் குறைந்தது 15 மில்லியன் வெள்ளி முதல் வேண்டும். சி3 நிறுவனத்துக்கு 25,000 வெள்ளி போதும், ஆனால் சிறிய வேலைகளுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். சின்னதாக ஆரம்பித்து, வேலைகளை ஒழுங்காக முடித்து, படிப்படியாக மேலே ஏறலாம்.

ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலையா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இப்போதைய நடைமுறை வேறு. பெரிய பொதுத்துறைக் கட்டுமானத் திட்டங்களில் விலைக்கும் மதிப்பெண், தரத்துக்கும் மதிப்பெண்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க. விலைக்கு 60 மதிப்பெண், தரத்துக்கு 40. முதல் நிறுவனம் 100 மில்லியன் வெள்ளி கேட்கிறது. அதுதான் ஆகக் குறைவு, எனவே விலைக்கு முழு 60. ஆனால் தரத்தில் பாதிதான், 20. மொத்தம் 80. இரண்டாவது நிறுவனம் 105 மில்லியன் கேட்கிறது. விலைக்குக் கிட்டத்தட்ட 57, தரத்துக்கு 32. மொத்தம் 89. ஐந்து மில்லியன் கூடக் கேட்டவருக்கே வேலை.

ஏன் இப்படி? வேலை கிடைத்தால் போதும் என்று அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனம், சம்பளமோ பொருள் விலையோ கொஞ்சம் ஏறினாலும் மூச்சுத்திணறும். பிறகு எங்காவது மிச்சம் பிடிக்கப் பார்க்கும். முதலில் கை வைக்கப்படுவது பெரும்பாலும் பாதுகாப்பில்தான்.

இதில் உயிர் எங்கே வருகிறது?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி, வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய இடத்தில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்தது. நால்வர் மாண்டனர். அதன்பின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டமே மாறியது. ஏலக்குத்தகையை மதிப்பிடும்போது பாதுகாப்பையும் எடைபோட வேண்டும் என்ற குரலும் வலுத்தது.

2022இல் சிங்கப்பூர் வேலையிடங்களில் 46 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு செப்டம்பரில் கூடுதல் பாதுகாப்புக் காலக்கட்டம் அறிவிக்கப்பட்டது. பிறகு 2024 ஏப்ரல் 1 முதல் இரண்டு முக்கிய மாற்றங்கள் வந்தன. 25 குற்றப் புள்ளிகளோ அதற்கு மேலோ சேர்ந்த குத்தகையாளர், பொதுத்துறைக் கட்டுமான ஏலக்குத்தகைகளில் தற்காலிகமாகப் பங்கெடுக்க முடியாது. ஏலக்குத்தகை மதிப்பீட்டில் பாதுகாப்புக்குக் குறைந்தது 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் உங்கள் பக்கத்து மேசையில் சாப்பிடும் அண்ணன், திங்கட்கிழமை எந்தச் சாரக்கட்டில் ஏறுகிறார் என்பதை இந்த மதிப்பெண்கள்தான் ஓரளவு தீர்மானிக்கின்றன.

கொள்முதல் திட்டம்: யாரிடம் என்பது மட்டுமல்ல, எப்போது, எங்கிருந்து

நல்ல குத்தகையாளர் கிடைத்தாலும் போதாது. என்ன வாங்குவது, எப்போது வாங்குவது, எத்தனை துண்டாகப் பிரித்துக் கொடுப்பது, ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி என்ன? இவற்றுக்குத் தொடக்கத்திலேயே பதில் வேண்டும். அதுதான் கொள்முதல் திட்டமிடல். மின்தூக்கி, மின்மாற்றி, சுரங்கம் தோண்டும் இயந்திரம் போன்றவை கடையில் போய் வாங்கி வருகிற சாமான்கள் அல்ல. பல மாதங்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

2007 தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நம் கான்கிரீட்டுக்கான மணல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை கிடுகிடுவென ஏறியது. அரசாங்கம் சேமித்து வைத்திருந்த மணலை வெளியே விட்டது. பொதுத்துறைத் திட்டங்களில் கூடுதல் செலவின் ஒரு பங்கையும் ஏற்றது. கையிருப்பு இல்லாமல் போயிருந்தால் பல திட்டங்கள் நின்றிருக்கும்.

கோழிச் சோற்றுக்கும் இதே கதைதான். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நாம் இறக்குமதி செய்த கோழியில் சுமார் 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. அந்த மாத இறுதியில் சிங்கப்பூர் உணவு அமைப்பு இந்தோனேசியாவையும் கோழி இறக்குமதிக்கு அங்கீகரித்தது. பண்ணையையும் அறுப்புக்கூடத்தையும் முன்கூட்டியே சோதித்து அனுமதிப்பதும் ஒருவகை முன்தகுதிதான். தகுதி பெற்றவர்களின் பட்டியல் நீளமாக இருந்தால், ஒருவர் கைவிட்டாலும் அடுத்தவரை அழைக்கலாம்.

அப்படியென்றால் 2021இல் ஏன் தவறியது?

முன்தகுதி ஒரு புகைப்படம் மாதிரி. அன்றைக்கு நிறுவனம் எப்படி இருந்தது என்றுதான் காட்டும். பதிவு செல்லுபடியாவது மூன்று ஆண்டு. ஆனால் கொவிட்-19 வந்தபோது சில மாதங்களிலேயே எல்லாம் தலைகீழானது. எல்லைகள் மூடின, ஊழியர்கள் கிடைக்கவில்லை, பொருள் விலை ஏறியது. நேற்று ஆரோக்கியமாக இருந்த கணக்குப் புத்தகம் இன்று சிவப்பில். எனவே வேலையைக் கொடுத்த பிறகும் நிறுவனத்தின் நிதிநிலையைத் தொடர்ந்து கவனிப்பது, தேர்ந்தெடுப்பதற்குச் சமமான வேலை.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, சோதிக்கப்படுவது பெரும்பாலும் தலைமைக் குத்தகையாளர். தளத்தில் வேலை செய்வதோ துணைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று நீளும் சங்கிலி. மேலே இருப்பவரின் சான்றிதழ் கீழே இருப்பவரின் பாதுகாப்பு வாரை மாட்டிவிடாது.

இரண்டு, கட்டுப்பாடுகளை இறுக்கிக்கொண்டே போனால் பெரியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. முதல் வேலை தேடியவர்களுக்கு இந்த அவஸ்தை நல்லாவே தெரியும். போட்டி குறைந்தால் விலை ஏறும். அந்தப் பணம் வரிப்பணம். கீழ்த்தரநிலைகளின் கதவு திறந்தே இருக்க வேண்டியது அதனால்தான்.

உங்களுக்கு இதில் என்ன?

சாவி கிடைத்ததும் நீங்களே ஒரு குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், வீட்டைப் புதுப்பிக்க. அதே கேள்விகளைக் கேளுங்கள்.

வீவக வீடு என்றால், கழகத்தின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் இருந்தால் நீங்கள் கட்டும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னால் சந்தோஷப்படும் முன், எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், வேலை நகர நகரக் கொடுங்கள்.

பொதுத்துறைத் திட்டங்களையும் நீங்கள் கவனிக்கலாம். அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸில் ஏலக்குத்தகை அறிவிப்புகளும், வேலை யாருக்கு எவ்வளவு விலைக்குப் போனது என்ற விவரமும் வெளியாகின்றன. அடுத்த முறை உங்கள் பேட்டையில் தகரவேலி எழும்பினால், உள்ளே யார் கட்டுகிறார்கள் என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். அங்கே குடிவரப் போகிறவர்களுக்கும், உள்ளே உழைக்கிறவர்களுக்கும் அந்தப் பெயர் முக்கியம்.