18 வயசு ஆயிடுச்சு... இல்லத்தை விட்டுக் கிளம்பும் பிள்ளைகளுக்கு என்ன வழி?

18 வயது முடிந்த அன்று நம்மில் பலருக்கு வீட்டில் எதுவுமே மாறியிருக்காது. காலேஜ் ஃபீஸ், மாசச் செலவு, வேலை கிடைக்காத அந்த ஒன்றிரண்டு வருஷம் என எல்லாத்துக்கும் பின்னால் அப்பாவோ அம்மாவோ இருந்திருப்பாங்க. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு அப்படியில்லை. சட்டப்படி அன்று முதல் அவர்கள் 'குழந்தை' இல்லை. அந்த இல்லத்தில் தொடர்ந்து தங்கவும் முடியாது.

அப்புறம் எங்கே போவது? இதற்காகவே 'பிற்காப்பு' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அதிகாரிகள் பேச்சில், ஆஃப்டர்கேர். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-வது பிரிவு. மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி 21 வயது வரை உதவி பெறலாம். விதிவிலக்கான சூழலில் இன்னும் 2 ஆண்டுகள். 6 முதல் 8 பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழிற்பயிற்சிக் கால உதவித்தொகை, உயர்கல்விக்கு உதவி, தொடர்பில் இருக்க ஓர் ஆலோசகர் எனப் பட்டியல் நன்றாகவே இருக்கிறது. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். சென்னையில் ஷேரிங் ரூம் எடுத்து மெஸ்ஸில் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. 46-வது பிரிவு நிதியுதவி 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. குழந்தைகள் நலக் குழுவோ, இளைஞர் நீதி வாரியமோ, குழந்தைகள் நீதிமன்றமோ உத்தரவு போட்டால்தான் உண்டு. அவர்களிடம் யாரும் கொண்டுபோகவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்கள்?

இங்கேதான் விஷயம் விசித்திரமாகிறது. இல்லத்தைவிடக் குடும்பமே நல்லது என்பதுதான் இப்போது அரசின் கொள்கை. 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதல்படி திருமணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள்கூட 'ஃபாஸ்டர் கேர்' எனப்படும் வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளைகளை ஏற்கலாம். ஆனால் அதே சட்டம் பிற்காப்பை வரையறுக்கும்போது, 'நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்கள்' என்றுதான் சொல்கிறது. வளர்ப்புக் குடும்பத்தில் 18-ஐ எட்டியவர் அந்த வரியில் இல்லை. அந்தக் குடும்பம் மனசு வைத்து அவரைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அது அவர்களுடைய நல்ல மனசு. பிள்ளையின் உரிமை ஆகிவிடாது. சட்டத்தில் உடனே திருத்த வேண்டிய வரி இதுதான் என்பேன்.

தமிழ்நாட்டில் என்ன கிடைக்கும்?

அரசினர் பிற்காப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. 2025-ல் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தின் மாதம் 2,000 ரூபாய், 18 வயதோடு நின்றுவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்தால் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்', ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்', மாதம் 1,000 ரூபாய். இதற்குப் பெற்றோர் இருக்கிறார்களா என்ற கேள்வியே இல்லை.

பலருக்கும் தெரியாத ஒன்று: 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவர்கள் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சாதி என்னவென்றே தெரியாத பிள்ளைக்கும் இடஒதுக்கீட்டில் இடம் உண்டு. ஆனால் சான்றிதழ் கையில் இருக்கணும். ஆதார், வங்கிக் கணக்கு, இல்லத்தில் சேர்த்ததற்கான உத்தரவு எல்லாமே இல்ல நிர்வாகத்தின் பீரோவில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. வெளியே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் அலைச்சல்.

தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் 17 வயதிலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 18-க்கு முந்தைய நாள் வரை அவர்களே அழைக்கலாம்.